மேல் கொக்கி

"கத்தரிக்கோலைக் கீழே வைங்க," என்றாள் சின்னவள்.

ஊழியர் நிமிர்ந்து பார்த்தார். இறந்து கிடந்த அக்கா பெரியவளின் இடது ஷூ நாடாவுக்கு அடியில் கத்தரியின் ஒரு அலகு ஏற்கெனவே நுழைந்திருந்தது. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் கிடத்துவது அவர் வேலை. அன்றைக்கு அவருக்கு இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"ரொம்ப இறுகிக் கெடக்குதும்மா. வெட்டினா சட்டுன்னு முடிஞ்சிடும்."

"அவிழ்க்க ஒருத்தி இங்க நிக்கறேன். எதுக்கு வெட்டணும்?"

முப்பது வருடமாக உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவள் அவள். பிரிக்க முடிந்த தையலை வெட்டுபவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கால் வீங்கி நாடா இறுகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மண்டியிடப் போனாள். அதற்குள் வெளியே தாழ்வாரத்தில் அண்ணனின் குரல் ஓங்கியது. அவன் சத்தம் போடும் ஆளே இல்லை. மருந்துக்கடையில் நின்று நின்று, காய்ச்சல்காரர்களிடம் பேசுகிற மாதிரியே எல்லோரிடமும் பேசிப் பழகியவன். சின்னவள் நிமிர்ந்து கதவுப் பக்கம் போனாள்.

அவன் எதற்காகக் கத்துகிறான் என்று அவளுக்குத் தெரியும். மதியத்திலிருந்து அவன் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி. குனிந்தாலே மூச்சு நின்றுவிடும் பெரியவளுக்கு யார் ஷூ மாட்டிவிட்டது?

உடன்பிறந்த மூவரில் மூத்தவள் பெரியவள். நடுவில் அண்ணன். கடைசியில் சின்னவள், ஐம்பத்தைந்து வயதாகியும் அவள் சின்னவள்தான். தலைநகரின் பெரிய ரயில் நிலையத்தில் விசாரணை மேசையில் உட்கார்ந்தே பெரியவளின் உத்தியோகம் கழிந்தது. "ஒரே நாள்ல போயிட்டு வர மாதிரி எதாவது இருக்கா?" என்று கேட்டு வருபவர்களுக்கு மற்ற ஊழியர்கள் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்வார்கள். பெரியவள் மலைக்கு வழி சொல்வாள். ஏரியைச் சுற்றி ஒரு நடை, அருவிக்கு ஒரு நடை, நகரம் முழுக்கக் காலடியில் தெரிகிற மொட்டைக்குன்றுக்கு ஒரு நடை. முதல் ரயிலில் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சொன்னதோடு நிற்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே கூட்டிக்கொண்டும் போனாள். நாக்குத் தள்ளி நிற்பவர்கள் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம்தான்" என்பாள். அந்தக் கொஞ்சம் எதிர்த் திருப்பமாகவும் இருக்கும், எதிர் மலையாகவும் இருக்கும். நடைக் கூட்டத்தில் அவள் பெயரே 'இன்னும் கொஞ்சம்' என்று ஆகிப்போனது.

ஞாயிறு மாலைகளில் வாசல் மிதியடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடக்கும். மொட்டைக்குன்றின் உச்சியில் இடுப்பளவுக்கு ஒரு பாறை, சுண்ணாம்பு மாதிரி உதிரும். அதன்மேல் கால் தூக்கி வைத்துத்தான் எல்லோரும் இறங்குவதற்கு முன்னால் ஷூ நாடாவைக் கட்டிக்கொள்வார்கள். மழை வந்து பாதியில் திரும்பிய நாட்களில் மிதியடி சுத்தமாக இருக்கும். "உன் பாறையை வாராவாரம் பெருக்க நான்தான் கெடச்சேனா?" என்று சின்னவள் துடைப்பத்தோடு புலம்புவாள்.

பிறகு இதயம் மக்கர் செய்தது. மாடிப்படிகூடக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் வாராவாரம் வந்து மாத்திரை டப்பாவை நிரப்பினான். நடைக் கூட்டத்துக்குத் தலைவரான பல் டாக்டரைக் கூப்பிட்டு, இனிமேல் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டாம் என்று சொன்னான். கணுக்கால்வரை கொக்கி வைத்த அந்த மலை ஷூவைக் கழுவி அலமாரி உச்சியில் வைத்தான். பெரியவள் சமையலறை ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தூரத்தில் தெரியும் குன்றின் மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலை அந்த நாற்காலியிலிருந்தபடியே, "ஷூவை எடுத்துக் குடு," என்றாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. கொள்ளையா அடிக்கப் போறேன்? சாயந்திரம் நானே சொல்றேன்."

"படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அக்கா."

"ஆமா. ஜன்னல்கிட்ட உக்காந்து மாத்திரை டப்பாவைப் பாத்துக்கிட்டே சாகலாம்னு சொன்னாரா? கேட்டுச் சொல்லு."

சின்னவள் ஸ்டூல் போட்டு ஏறி ஷூவை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து அக்காவின் காலைத் தன் மடியில் வைத்து நாடாவைக் கோத்தாள்.

"மேல் கொக்கியை விடு. அது எறங்கறப்போதான்," என்றாள் பெரியவள். "ஏறும்போது கணுக்கால் மடங்கணும். எறங்கும்போது இறுக்கிக் கட்டலேன்னா விரல் முன்னாடி போய் இடிக்கும்."

கடையில் பொட்டலம் கட்டும் அதே முடிச்சைப் போட்டாள் சின்னவள். இழுத்தால் அவிழும் சின்ன முடிச்சு.

"நானும் வரேன்."

"கடையைப் பாரு. நீ வந்தா அடிக்கடி மூச்சு வருதான்னு கேப்ப."

மதியம் போன் வந்தது. குன்றுப் பாதையின் நடுவில் இருக்கும் பெஞ்சில், கைத்தடியை மடியில் குறுக்கே வைத்தபடி உட்கார்ந்திருந்தாளாம். நடக்க வந்த ஒரு தம்பதி, தூங்குகிறாள் என்று நினைத்து முதலில் தாண்டிப் போய்விட்டார்கள்.

இப்போது தாழ்வாரத்தில் நடைக் கூட்டத்திலிருந்து நாலைந்து பேர் நின்றார்கள். எங்கிருந்தோ நேராக வந்திருந்தார்கள். தொப்பி கையில், முதுகில் பை. முன்னால் நின்ற பல் டாக்டரை அண்ணன் மறித்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தரும் உள்ள வரக் கூடாது. வேண்டாம்னு எத்தனை தடவை சொன்னேன்? ஷூவை நான்தான் அலமாரி மேல வச்சேன். அது தானா எறங்கி வந்துச்சா?"

"நாங்க இன்னிக்கு ஏரிப் பக்கம் போயிருந்தோம்," என்றார் பல் டாக்டர். "அவங்களோட பேசியே ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க சொன்னப்புறம் கூப்பிடவே இல்ல."

"உங்கள்ல ஒருத்தர்தான் வந்து மாட்டிவிட்டிருக்கணும். போலீஸ்ல சொல்லத்தான் போறேன்."

பல் டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் பழியை அவரே ஏற்றுக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. சின்னவள் சும்மா இருந்தால் போதும். இனி அவளுக்கென்று மிச்சம் இருக்கும் உறவு அண்ணன் ஒருவன். வாயைத் திறந்தால் அவனும் இல்லாமல் போகலாம். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பயமாகவும் இருந்தது.

"நான்தான் மாட்டிவிட்டேன்," என்றாள்.

அண்ணன் திரும்பினான். "என்ன சொல்ற?"

"ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தேன். என் மடியில வச்சுக் கட்டிவிட்டேன். இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"தெரிஞ்சே அனுப்பினியா?"

"தெரிஞ்சுதான் அனுப்பினேன். அவளும் தெரிஞ்சுதான் போனா."

"அனுப்பிட்டு, மூஞ்சியில ஒரு வருத்தம்கூட இல்லாம நிக்கற."

"வருத்தம் இருக்கு. நெஞ்சு வெடிக்குது. ஆனா மன்னிப்புக் கேக்க மாட்டேன். அவ இப்போ எழுந்து வந்து கேட்டாலும் மறுபடி கட்டிவிடுவேன்."

நடைக் கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அண்ணன் சுவரோரம் இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். அவனுடைய சட்டைப் பையில் இந்த வாரத்துக்கான மாத்திரை அட்டைகள் துருத்திக்கொண்டிருந்தன.

"பாதி வழியில," என்றான். இப்போது அவன் குரல் பழையபடி தணிந்திருந்தது. "நடுப் பெஞ்சோட முடிஞ்சுது. உச்சியைக்கூடப் பாக்கல. இதுக்கா அனுப்பின?"

எதற்கும் மசியாமல் நின்றவள் இதற்கு ஆடிப்போனாள். ஆசைப்பட்டதை அடையாமல் அக்கா அந்தப் பெஞ்சில் மூச்சுக்குத் திணறியிருப்பாள் என்று நினைக்கவே முடியவில்லை. திரும்பி உள்ளே போனாள்.

ஊழியர் கைகட்டி ஓரமாக நின்றார். அருகில் அண்ணன் வாங்கிவந்த புது வெள்ளைச் செருப்பு, அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. சின்னவள் மண்டியிட்டாள். இடது ஷூவின் முடிச்சைத் தேடி விரல் வைத்தாள்.

முடிச்சு அவளுடையது இல்லை.

பொட்டல முடிச்சைக் காணோம். நாடா மேல் கொக்கிவரை ஏறி, விறைப்பாக இழுத்து, இரட்டை முடிச்சாக விழுந்திருந்தது. முடிச்சின் இரண்டு காதுகளும் செடியில் மாட்டாதபடி நாடாவுக்கு அடியில் செருகப்பட்டிருந்தன. வலது ஷூவும் அப்படியே. காலைத் தூக்கி அடியைப் பார்த்தாள். குதிகால் பள்ளங்களில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் திட்டிக்கொண்டே பெருக்கிய அதே வெள்ளை.

சின்னவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கர்வம். 'போயிட்டியா அக்கா,' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகுதான் அழுதாள்.

அழுது முடித்துக் கதவைத் திறந்தாள். "அண்ணா, இங்க வா. நீங்களும் வாங்க, டாக்டர்."

அண்ணன் ஒரு கணம் தயங்கினான். பல் டாக்டரைத் தடுக்கவில்லை. இருவரும் உள்ளே வந்தார்கள்.

"காலையில நான் மேல் கொக்கியை விட்டுட்டு லூசாக் கட்டினேன். இப்போ பாரு."

அண்ணன் குனிந்து நாடாவுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தான். போகவில்லை. குதிகாலிலிருந்து வெள்ளையைத் தொட்டு, கடையில் மருந்துப் பொடியைச் சோதிக்கிற மாதிரி இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தான்.

"இது என்ன?" என்று பல் டாக்டரிடம் கேட்டான்.

"உச்சிப் பாறை. அந்தப் பாதையில வேற எங்கயும் இது கெடையாது." அவர் நாடாவைச் சுட்டிக்காட்டினார். "இது எறங்கறதுக்குக் கட்டற கட்டு. மேல போய் நின்னு பாத்துட்டுத்தான் எறங்கியிருக்காங்க."

"குனியவே முடியாதே அவளால."

"அங்க குனிய வேண்டாம். பாறை இடுப்பளவு."

ஊழியர் மெதுவாக, "அவிழ்த்துடட்டுமா?" என்றார்.

"வேண்டாம்," என்றாள் சின்னவள். "அவ கையால கட்டினது. அப்படியே போகட்டும். புதைக்கிறதுதானே, எதாவது விதி இருக்கா?"

"விதி ஒண்ணும் இல்லம்மா. மண்ணை மட்டும் தொடச்சிடவா?"

"தொட வேண்டாம்."

ஊழியர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அட்டைப் பெட்டியை மூடி, வெள்ளைச் செருப்பைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அந்தப் பெஞ்சிலேர்ந்து கீழ ரயில் ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?" என்று கேட்டான்.

பல் டாக்டர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"இன்னும் கொஞ்சம்தான்," என்றார்.

அண்ணன் தலையை ஆட்டினான். சின்னவள் தொட்டுப் பார்த்ததில் வலது ஷூவின் முடிச்சில் ஒரு காது மட்டும் வெளியே வந்திருந்தது. அவன் குனிந்து, அதை நாடாவுக்கு அடியில் திரும்பச் செருகினான்.