அறுவடை மெஷின் டெஸ்ட்

"மேடம், உங்க குரல் குடத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு. வேற ஹெட்செட் இருக்கா? பத்து நிமிஷம் தரேன்."

லேப்டாப்பில் இன்டர்வியூ எடுக்கும் அம்மாள் சொன்னதும் இளமதி ஹெட்செட்டைக் கழற்றினாள். சென்னைக் கம்பெனியின் கஸ்டமர் கேர் வேலை. உத்திரமேரூர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இது கடைசிச் சுற்று.

இந்த நானூறு ரூபாய் ஹெட்செட்டைப் பாஸ் பண்ணியதே அவள்தான்.

அண்ணன் ஸ்ரீகாந்த் யூடியூபில் மலிவு ஹெட்செட்களை அலசுபவன். வீடியோவுக்காகச் சாலவாக்கத்தில் நெல் அறுக்கும் மெஷின் பக்கத்தில் நின்று தங்கைக்கு ஃபோன் போடுவான். இரைச்சலை மீறிப் பேச்சு புரிந்தால் "கிளியர்" என்பாள். புரியாவிட்டால் அண்ணனென்றும் பார்க்க மாட்டாள். ஜனங்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்கினார்கள். போன வாரம் அவளும் இதை வாங்கினாள்.

பக்கத்து அறைக்கு ஓடினாள்.

"ண்ணா, மைக் சரியில்ல. வேற இன்னா கீது?"

ஸ்ரீகாந்த் அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து நீட்டினான். "இத்த மாட்டிக்கோ. எட்டாயிரம். அன்னிக்கு மெஷினாண்ட பேசனது இதுலதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

"அப்ப வீடியோவுல நான் கிளியர்னு சொன்னது?"

"அந்த நானூறு ரூவா பீஸ் தேறல. கம்பெனிக்காரன் காசு குடுத்துட்டான். உன் வாய்ஸை அதுல ஒட்டிட்டேன்."

"என்னாண்ட கேட்டியா?"

"கேட்டா வுட்ருப்பியா? கோர்ட்டு ஜட்ஜி மாதிரி பேசுவ."

"நான் அதையே வாங்கிக்கினு வந்தேனே. பாத்துக்கினுதான இருந்த?"

"சொன்னா மேட்டர் வெளிய வந்துடும்ல. வூட்டுல பேச உனக்கு அது போதும்னு நெனச்சேன். டைம் ஆவுது, போ."

நான்கு நிமிடம்தான் மிச்சம். எட்டாயிரத்தை மாட்டிக்கொண்டாள்.

"இப்ப சுத்தமா கேக்குது," என்றாள் அந்த அம்மாள். "எங்க பொருளை வாங்கி ஏமாந்த கஸ்டமர் நான்னு வெச்சுக்கோங்க. சமாதானம் பண்ணுங்க."

கதவோரம் ஸ்ரீகாந்த் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இளமதி அவனையே பார்த்தாள்.

"மேடம், அது நல்ல பொருள்னு சொன்னது என் குரல். அதை நம்பித்தான் வாங்கினீங்க. சாக்கு சொல்ல மாட்டேன். மன்னிச்சிடுங்க."

எதிர்முனையில் அந்த அம்மாள் எதையோ டைப் செய்யும் சத்தம் கேட்டது.

"எல்லாரும் மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பாங்க. நீங்க நிஜமாவே சொன்ன மாதிரி இருந்துச்சு. திங்கக்கிழமை சேர்ந்துடுங்க."

ஸ்ரீகாந்த் சிரித்தபடி உள்ளே வந்தான். "யாரு குடுத்த ஹெட்செட்டு?"

"அந்த வீடியோவ எடுத்துடு."

"எடுத்தா கம்பெனிக்காரன் காசத் திருப்பிக் கேப்பான்மா."

இளமதி செல்ஃபோனை எடுத்தாள். அதே வீடியோவைத் திறந்து, கமெண்ட் பகுதியில் டைப் செய்தாள்: 'கிளியர்னு சொல்றது நான்தான். நான் கேட்டது இந்த ஹெட்செட்டில் இல்லை.'

"இளமதி, வேணாம்..."

அவன் கை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டாள்.