ஆமினாம்மாவின் தமிழ்

புரூஃப் காகிதத்தில் ஈரம் காயவில்லை. தான் எழுதிக் கொடுத்த பேட்டியின் முதல் வரியிலேயே சபூராவுக்குக் கோபம் தலைக்கேறியது.

“நம்பள்கி பேர் ஆமினா பீ. நம்பள் கொளந்தை எடுக்குறான்.”

அடப்பாவி மனுஷா! ஆமினாம்மா என்றைக்கு இப்படிப் பேசினாள்?

தொம்மலூரில் பிரசவம் பார்க்கும் ஆமினாம்மாவுக்குத் தமிழைத் தவிர எந்த பாஷையும் வராது. உருதுக்காரர் வீட்டுக்குப் போனால் பேசுவதற்கு ஆள் தேடுவாள். பத்திரிகை என்றதும் மிரண்டு, “என்ன வெச்சு யாரும் சிரிக்க மாட்டாங்களே?” என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தவள் சபூரா.

நாடகத்தில் துருக்கன் வேஷம் வந்தால் இந்தப் பேச்சுதான், கொட்டகையே சிரிக்கும். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத நாளிலும் பத்திரிகை ஆசிரியர் சேஷகிரிக்கு அந்தக் கூத்துக்கு இடம் இருந்தது, மகராசன்!

அவர் மேசையில் காகிதத்தை அறைந்தாள்.

“யார் சார் இப்படி மாத்தினது?”

“நான்தாம்மா. சாயபு வீட்டுப் பொம்பளன்னு ஜனங்களுக்குத் தெரிய வேணாமா? கொஞ்சம் ரசிப்பாங்க.”

“நானும் சாயபு வீட்டுப் பொம்பளதான். இப்ப எப்படிப் பேசறேன்?”

“நீங்க படிச்சவங்க.”

“உங்க சின்னப் பையன எடுத்தது ஆமினாம்மாதானே? உங்க சம்சாரத்துகிட்ட எந்த பாஷையில பேசினாங்க?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். சபூரா காகிதத்தை மறுபடியும் பார்த்தாள். மற்றதெல்லாம் கோணலாகவாவது இருந்தது. பிரசவம் பார்த்த ஒரு வீட்டில் ஆமினாம்மா தண்ணீர் கேட்ட கதை மட்டும் அடியோடு இல்லை. எந்த வீடு என்று அவள் அன்று சொல்லவில்லை. சொல்லாமலே இப்போது தெரிந்துபோயிற்று.

“அந்தப் பக்கம் அப்படியே போகட்டும். நேரமில்ல,” என்றார் சேஷகிரி, குரலே எழாமல்.

“போகாது சார்.”

விடுவிடுவென்று அச்சுக்கூடத்துக்குப் போனாள். அச்செழுத்துக் கோத்து முடித்த பக்கம் நூல் சுற்றி மேசைமேல் கிடந்தது. நூலைப் பிரித்து, இரண்டு கையாலும் வரிகளை வாரிக் கலைத்தாள். ஈய எழுத்துகள் தரையெங்கும் சிதறின. கம்பாசிட்டர் பெர்னார்ட், “ஐயோ, அம்மா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய காலை நேர உழைப்பு முழுக்க அது.

“மன்னிச்சுக்குங்க பெர்னார்ட். நான் சொல்லச் சொல்லக் கோப்பீங்களா?”

பெர்னார்ட் அவளைப் பார்த்தார். பின்னாலேயே வந்து கதவருகே நின்ற சேஷகிரியைப் பார்த்தார். வேண்டாம் என்று அங்கிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சரி என்றும் வரவில்லை.

“சொல்லுங்கம்மா.”

சபூரா திரும்பிப் பார்க்காமல், ஆமினாம்மா சொன்னதைச் சொன்னபடியே சொல்ல ஆரம்பித்தாள்:

“புள்ள என் கையிலதான் மொத மொத அழுதிச்சு. வெளிய வந்து குடிக்கத் தண்ணி கேட்டேன். வாசல்ல குந்த வெச்சு, சொம்பு மேல படாம, எட்டத்துலேருந்து அந்தக் கையிலயே ஊத்தினாங்க.”

மையேறிய விரல்கள் ஒவ்வோர் எழுத்தாக எடுக்கத் தொடங்கின.