சின்னவள் வைத்த சொட்டு நீர்

என் ஓரகத்தி ஒரு பழைய பெயின்ட் வாளியைக் கழுவி, கொல்லைச் சுவர்மேல் தூக்கி வைத்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மாடியில் அவளும் என் கொழுந்தனும், கீழே நாங்கள். கொல்லை இரண்டு வீட்டுக்கும் பொது. அவள் நர்ஸ். தேதி முடிந்துவிட்டது என்று மருத்துவமனையில் தூக்கிப் போட இருந்த சலைன் டியூப்களைக் கேட்டு வாங்கி வந்தாள். வாளியின் அடியில் ஓட்டை போட்டு, டியூப்களைச் செருகி, பசை வைத்து அடைத்து, தக்காளிக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று செடிக்குச் செடி இழுத்துவிட்டாள். சலைன் டியூபில் ஒரு சின்னச் சக்கரம் இருக்குமே, கட்டைவிரலால் மேலே தள்ளினால் சொட்டும், கீழே தள்ளினால் நின்றுபோகும், அதையும் அப்படியே விட்டுவைத்தாள். காலையில் வாளியை நிரப்பிவிட்டு டியூட்டிக்குப் போய்விடுவாள். சாயங்காலம் வரை செடிகள் நனைந்துகொண்டிருக்கும்.

இத்தனை வருடமாக அந்தச் செடிகளுக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியது நான். நல்லா இருக்கு என்று ஒரு வாய் சொன்னதில்லை. இப்போது என் கணவரே வாளியை அண்ணாந்து பார்த்து, “மூளைன்னா இது மூளை!” என்கிறார். அன்றைக்கு அவருக்கு உப்பில்லாத சாப்பாடுதான்.

கணவரையாவது விட்டுத்தள்ளலாம். என்னை நோகடித்தது மாமனார். பக்கவாதம் வந்து அவருக்கு வலக்கை விழுந்துவிட்டது. குளிக்க வைப்பது, சட்டை மாட்டுவது, சாப்பாடு பிசைந்து கொடுப்பது எல்லாம் நான். பகலில் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் அவர் நாற்காலி. நான் தைப்பேன், அவர் தைக்க வந்த துணிகளை ஒவ்வொன்றாக நக்கலடிப்பார். சிரித்துச் சிரித்துத் தையல் கோணலாகப் போன நாட்களும் உண்டு. கைக்குப் பயிற்சி என்று ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் மட்டும், “நான் என்ன கைக்குழந்தையா?” என்று உருட்டிவிடுவார்.

வாளி வந்த மறுநாளே நாற்காலியைக் கொல்லையில் போடச் சொன்னார். தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதும் நான்தான். அப்புறம் பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்து சொட்டு விழுவதைப் பார்ப்பது, சாயங்காலம் சின்னவள் வந்ததும் அதைப் பற்றியே பேசுவது.

“தக்காளிக்கு எப்படி விழுது மாமா?”

“ஜோரா விழுதும்மா.”

“பேசாம மாடிக்கே வந்துடுங்க மாமா. மேல காத்தும் வரும், செடியையும் பார்த்துக்கிட்டே இருக்கலாம்.”

“பார்க்கலாம்,” என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு. பார்த்துப் பார்த்துச் செய்தது நான், நாலு டியூபைத் தொங்கவிட்டு அவரைத் தட்டிக்கொண்டு போவது அவளா?

மறுநாள் அவள் டியூட்டிக்குப் போனதும், துணி காயப்போடுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் எல்லாச் சக்கரங்களையும் மூடிவிட்டேன். அதற்கப்புறம்தான் மாமனாரை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். செடி வாடும், சுவரிலிருந்து வாளியை இறக்கிவிடுவார்கள், நாற்காலி என் மெஷின் பக்கத்துக்கே வந்துவிடும் என்பது என் கணக்கு. தினமும் மூடினேன்.

செடி வாடினால்தானே! தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. வாளியும் சாயங்காலத்துக்குள் காலி. எனக்குத் தலை சுற்றியது. சின்னவள் ஆஸ்பத்திரியில், ஆண்கள் இருவரும் வேலையில். மாமனாரோ டம்ளரை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவர். பின்னே யார்தான் திறக்கிறார்கள்?

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்றேன்.

மாமனார் ஒரு டியூபை இடக்கையால் மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். வலக்கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரலைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளினார். வழுக்கியது. மறுபடி வைத்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பந்தை ஒரு தடவை அமுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர்! கடைசியில் சக்கரம் நகர்ந்து தண்ணீர் சொட்டியது. அடுத்த டியூபை இழுத்தார்.

“போர்வைக்குக் கீழ கால் தெரியுது. வா இப்படி,” என்றார் திரும்பாமலே.

மூக்குடைந்து போய் முன்னால் வந்தேன். “எப்பலேர்ந்து தெரியும் மாமா?”

“மொத நாளே. ஜன்னல் வழியா பார்த்தேனே, திருட்டுப் பூனை மாதிரி ஒவ்வொண்ணா மூடிக்கிட்டு வந்தியே.”

“ஏன் சின்னவகிட்ட சொல்லல?”

“சொன்னா நீ நிறுத்திடுவ.” வலக்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கட்டைவிரல் மடங்கி நிமிர்ந்தது. “மொத நாள் ஒண்ணைத் தெறக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. மிச்சத்தை இடக்கையாலதான் தெறந்தேன். இப்ப எல்லாமே இதாலதான்.”

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. “டியூப் அவ வாங்கிட்டு வந்ததுதானே. பேர் அவளுக்குத்தான் போகும். நீங்களும் மாடிக்குப் போகப்போறீங்க.”

“மாடிக்குப் போய் நான் என்ன பண்றது? அவ தங்கமான பொண்ணு. நான் கஷ்டப்படறதைப் பார்த்தா அவளே ஓடிவந்து தெறந்து விட்டுடுவா. தெனம் மூடி வைக்கிற கெட்ட புத்தி இந்த வீட்டுல உனக்குத்தானே இருக்கு?” என்று சிரித்தார். நானும் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டேன்.

பிறகு அடுத்த டியூபை இழுத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடும்மா.”