செத்தவீட்டுச் சுருட்டு

தில்லைநாதன் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்துதான் விரிப்பார். எந்த அரசாங்கம் விழுந்தால் அவருக்கென்ன, எழும்பினால் அவருக்கென்ன. மரண அறிவித்தலில் தன் ஊரான கரவெட்டியோ அயலூரோ இருக்கிறதா என்பதுதான் அவருக்கு வேண்டிய செய்தி. இருந்தால் அவருடைய சுருட்டுக் கொட்டிலுக்கு அன்றைக்கு வேலை.

ஆள் கெட்டவரில்லை. தொழில் அவரை அங்கே கொண்டுவந்து விட்டது. ஒருகாலம் பதினொரு பேர் அந்தக் கொட்டிலில் குந்தியிருந்து சுருட்டுச் சுற்றினார்கள், தெற்கிலிருந்து லொறி வந்து ஏற்றிப் போனது. இப்போது யார் சுருட்டுக் குடிக்கிறார்கள்? இளசுகளுக்கு அந்த மணமே வெட்கம். கிழடுகளை டொக்டர்மார் மிரட்டி வைத்திருக்கிறார்கள். மிச்சப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். செத்தவீட்டில் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் சுருட்டு வைக்கிற வழக்கம் மட்டும் இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால்தான் கொட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு செத்தவீட்டோடும் ஒரு வாடிக்கைக்காரன் குறைகிறான் என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்து என்ன செய்வது? சுற்றுகிறவர்களில் மிஞ்சியது கேதீஸ்வரி ஒருத்திதான். கொட்டிலைப் பூட்டினால் அவளுக்கு வேறு போக்கிடமில்லை.

இந்த நேரம் பார்த்துப் பொன்னம்பலம் படுக்கையில் விழுந்தார். நாற்பது வருடச் சிநேகிதர், நாற்பது வருடமும் இந்தக் கொட்டில் சுருட்டைத் தவிர வேறொன்றை வாயில் வைக்காதவர். சுவாசப்பை போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் தில்லைநாதன் அழுதார். அது பொய் அழுகை இல்லை. ஆனால் கண்ணைத் துடைக்கும்போதே அந்தப் பாழாய்ப்போன மனம் கணக்குப் பார்த்தது. பொன்னம்பலத்துக்குப் பெரிய இனசனம். ஆயிரம் சுருட்டுப் போகும். போனால் தைப்பொங்கல் வரைக்கும் கொட்டிலைப் பூட்ட வேண்டி வராது.

சுற்றிய அன்றே சுருட்டு பற்றாது. மூன்று நாளாவது நிழலில் காய வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருமட்டும் பிரேதத்தை நாலைந்து நாள் வைத்திருக்கிற வீடென்றால் அறிவித்தலைப் பார்த்துச் சுற்றினாலும் சரிவரும், அன்றைக்கே எடுக்கிற வீடென்றால் சரிவராது. சுற்றி அடுக்கி வைப்போமென்றால் மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இந்த வருடம் இரண்டு செத்தவீடுகள் கையில் சரக்கில்லாமல் தவறிப் போயின. அந்த வீட்டுக்காரர்கள் சிகரெட் பெட்டி வாங்கி அடுக்கினார்கள்.

திங்கட்கிழமை காலை அவர் கேதீஸ்வரியிடம் சொன்னார்.

"ஆயிரம் சுத்த வேணும், பிள்ளை."

"ஆரின்ரை செத்தவீடு, ஐயா?"

"ஒருதரும் சாகேல்லை. சும்மா கையிலை கிடக்கட்டும்."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது, அதுதான் கேவலம். இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் சுற்றினார்கள்.

அன்றிலிருந்து அவர் பொன்னம்பலம் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஐந்து நிமிட நடை, அதுவரை ஒரு பின்னேரமும் தவறாதவர். எந்த முகத்தோடு போய் அந்தக் கையைப் பிடிப்பது? நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று நாலு நாள் போயிற்று.

வெள்ளி காலை ஆறு மணிக்குப் பொன்னம்பலம் போய்விட்டார் என்று போன் வந்தது. தில்லைநாதன் விறாந்தையில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார். பிறகு அந்தப் பிழையைச் செய்தார். செத்தவீட்டிலிருந்து ஆள் வந்து சொன்ன பிறகுதான் சுருட்டுக் கொண்டுபோவது வழக்கம். யாராவது முந்திக்கொண்டு சிகரெட் வாங்கிவிடுவார்களோ என்ற பதைப்பில் அவர் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்கே போய் இறங்கினார். பந்தற்காரர்கூட இன்னும் வரவில்லை.

பொன்னம்பலத்தின் மகன் அருட்செல்வன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"மாமா, நாங்கள் இன்னும் சொல்லி அனுப்பேல்லையே."

"நீ சொல்லியே நான் கொண்டுவர வேணும், தம்பி?"

"சிநேகிதம் எண்டால் இதெல்லோ," என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

உள்ளே பொன்னம்பலத்தின் மனைவி ஞானாம்பிகை தலைமாட்டில் இருந்தாள். கலியாணத்துக்கு முன் இதே கொட்டிலில் சுற்றியவள். மகன் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினான். அவள் ஒரு சுருட்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். காதடியில் வைத்து மெல்ல நசுக்கினாள். பிறகு தில்லைநாதனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாய்க் காய்ஞ்சிருக்கு," என்றாள். குரல் எழும்பவில்லை, மற்றவர்களுக்குக் கேட்கவும் இல்லை. "இது எப்பிடியும் நாலு நாளைச் சுருட்டு. அவர் இண்டைக்குக் காலமைதானே போனவர்."

தில்லைநாதன் குனிந்து சுருட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"நாலு நாளும் உங்களைத்தான் கேட்டவர், அண்ணை. தில்லை வந்திட்டானோ, தில்லை வந்திட்டானோ எண்டு. வேலையாய் இருப்பார் எண்டு நான்தான் சமாளிச்சன்." சுருட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "உண்மையாய்த்தான் வேலையாய் இருந்திருக்கிறியள்."

மகனிடம் திரும்பி, "தட்டத்திலை எடுத்து வை, தம்பி. உன்ரை கொப்பருக்கெண்டே சுத்தினது," என்றாள்.

தட்டம் வைத்தபடி இருந்தது. வந்த சனம் வெற்றிலை எடுத்தது, பெடியள் சோடா குடித்தார்கள். நாலைந்து கிழவர்கள் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு ஒவ்வொன்று எடுத்தார்கள். அவ்வளவுதான்.

பிரேதம் எடுக்கும்போது பிரேதப் பெட்டியின் முன்பக்கத்தில் தில்லைநாதனுக்கென்று இடம் விட்டிருந்தார்கள்.

"மாமா, வாங்கோ," என்றான் அருட்செல்வன்.

அவர் ஞானாம்பிகையைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் தூக்குங்கோ, தம்பி," என்றார்.

ஆண்கள் எல்லோரும் சுடலைக்குப் போய்விட்டார்கள். பந்தலுக்குள் அவர் ஒருவர்தான் ஆண்பிள்ளையாய் இருந்தார், காலடியில் குறையாத சுருட்டுப் பெட்டிகள். வீடு கழுவ வந்த கேதீஸ்வரி வாளியோடு கிட்ட வந்து நின்றாள்.

"நாளைக்குக் கொட்டிலுக்கு வாறதோ, ஐயா?"

"வேண்டாம், பிள்ளை," என்றார் தில்லைநாதன். "இனி வர வேண்டாம்."