கல்தொட்டி வளைவு

2019 அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மழை இல்லை, காற்றும் இல்லை, கால்வாயின் மேல் மூடுபனி அசையாமல் படிந்திருந்தது. பூங்கா நிர்வாகத்தின் பாதை ஆய்வாளர் சைக்கிளோடு கீழே விழுந்தது அப்போதுதான்.

விழுந்தாள் என்பதைவிடச் சறுக்கினாள் என்பதே சரி. பாலத்திலிருந்து இறங்கும் சரளைப் பாதை, சரிவு முடியும் இடத்தில் இடப்பக்கம் வளைகிறது. அவள் வளைந்தாள்; பின்சக்கரம் வளையவில்லை. அது தன் போக்கில் வலப்பக்கம் போயிற்று; அவளையும் இழுத்துக்கொண்டு போயிற்று. எழுந்து உட்கார்ந்தபோது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கல்தொட்டியின் விளிம்பு இருந்தது.

படகுகள் ஓடிய காலத்தில் அவற்றை மேல்மட்டத்துக்கு ஏற்றவும் கீழ்மட்டத்துக்கு இறக்கவும் கட்டிய தொட்டி அது. சுவர்கள் செங்குத்து, அடியில் கருத்த தண்ணீர், விழுந்தவர் ஏறிவரப் படி இல்லை. தொன்மையான கட்டுமானம் என்பதால் அதன் கல்லில் துளை போட அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே வேலியும் இல்லை.

“யானைக்கும் அடி சறுக்கும்பாங்க. நீ யானை எடைகூட இல்லையே, எப்படிச் சறுக்கின?”

குரல் வளைவை அடுத்த சைக்கிள் கடையிலிருந்து வந்தது. குரலுக்குப் பின்னால் நாத்தனார் வந்தாள்: ஆய்வாளருடைய கணவனின் அக்கா, அவனைத் தூக்கி வளர்த்தவள், கடையின் உரிமையாளர். தொட்டிக்காவலர் குடியிருந்த சிறிய கல்வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, வாடகைக்குச் சைக்கிளும், பஞ்சருக்குப் பசையும், களைத்தவர்களுக்குத் தேநீரும் கொடுப்பதாகப் பலகை மாட்டியிருந்தாள். பாதை வேலை முடியும்வரை ஆளில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நாளை ஞாயிறு. சைக்கிள் கழகத்தின் முதல் நெடும்பயணம், பூங்காவைச் சுற்றிக் கால்வாய்க் கரையோடு, இந்த வளைவு வழியாக வரவேண்டும். வந்தால் கடை தலையெடுக்கும். வராவிட்டால் குத்தகையைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது குடும்பம் முழுவதற்கும் தெரியும்.

பாதையைத் திறக்கலாமா கூடாதா என்று கையெழுத்திட வேண்டியவள் தம்பி மனைவி. ஆய்வாளரின் உறவினர் கடை வைத்திருந்தால் என்ன செய்வது என்று நிர்வாக விதிகளில் ஒரு வரியும் இல்லை. குடும்ப விதிகளில் நிறைய இருந்தன.

“அடி பட்டுதா?”

“இல்ல அண்ணி.”

“அப்பச் சரி. டீ போடறேன். கையெழுத்தப் போட்டுட்டுக் குடி.”

ஆய்வாளர் எழவில்லை. இதுவரை வந்த வழி முழுவதும் சரளை சக்கரத்துக்கு அடியில் ஒரே சீராக முறுமுறுத்துக்கொண்டு வந்தது; இங்கே மட்டும் அது கலகலத்தது. ஒரு பிடி அள்ளினாள். கற்கள் பளிங்குபோல் சுத்தமாக இருந்தன. கொட்டிவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். மாவுபோல் ஒட்டியிருக்க வேண்டிய கல்தூள் துளியும் இல்லை. எழுந்து சரிவின் மேலே போய் அங்கே ஒரு பிடி அள்ளினாள். கை வெளுத்தது.

திரும்பி வந்தபோது, கடைச் சுவரில் வளையமாகச் சுற்றி மாட்டியிருந்த பச்சை ரப்பர் குழாய் கண்ணில் பட்டது.

“அண்ணி, இங்க தினமும் தண்ணி அடிக்கிறீங்களா?”

“காலங்காத்தால என்னப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?” நாத்தனார் சிரித்தாள். “குழாயப் போட்டுக் கழுவறேன்னு சொல்லு. அவங்க கல்லக் கொட்டிட்டுப் போன அன்னைக்கு ஒரே புழுதி. சீட்டு, பெல்லு, டீ கிளாஸ் எல்லாத்துலயும் மாவு. விடுவேனா? இப்பப் பாரு, வாசல் மாதிரி வச்சிருக்கேன். நடக்க வர்றவங்க நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.”

“அந்தப் புழுதிதான் அண்ணி கல்லப் பிடிச்சு வைக்கும். அது போயிட்டா ஒவ்வொண்ணும் கோலிக்குண்டு.”

நாத்தனாரின் சிரிப்பு உடனே மறையவில்லை; மெதுவாக, ஒரு பக்கமாக வற்றிற்று.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

கழகச் செயலாளர் வந்து சேர்ந்தார். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். முதுகுப்பையில் நாளைக்கான திசை அம்புகள் துருத்திக்கொண்டிருந்தன.

“மேடம், ஆட்கள் ரெண்டு பக்கமும் காத்திருக்காங்க. இந்த வழியா, மேல்பாதை வழியான்னு சொன்னாத்தான் அம்பு நடமுடியும். எட்டு மணிக்குள்ள தாள் கைக்கு வந்தாத் தேவலை.”

அவள் சறுக்கியதைச் சொன்னாள். அவர் விளிம்பை எட்டிப் பார்த்தார்; உடனே பின்வாங்கினார்.

“கல்தூள் கொட்டி மூடிடலாமே?”

“நனைச்சு, உருளை போட்டு, இறுகணும். நாளைக்குள்ள ஆகாது.”

“இறங்கித் தள்ளிட்டுப் போங்கன்னு பலகை வச்சா?”

“போன தடவை சின்னப் பயணத்துக்கு மரப்பாலத்துல வச்சீங்களே, யாராவது இறங்கினாங்களா?”

“நானே இறங்கல,” என்றார் விசில், உண்மையை மறைக்கத் தெரியாதவர்.

நாத்தனார் இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். “ரெண்டு பேரும் பேசிட்டே இருங்க. நான் தினம் போற வழி இது.” வாடகைச் சைக்கிள்களில் மிகக் கனமானதை உருவி, கடை வாசலிலிருந்தே ஏறினாள். வளைவில் திரும்பினாள். கற்கள் கலகலத்தன, சைக்கிள் கோடு போட்டதுபோல் போயிற்று. பாலத்துச் சரிவில் ஏறிப் பாதிவழியில் திரும்பி, பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே இறங்கி வந்து, விசிலின் கால்கட்டைவிரலை ஒட்டினாற்போல் நிறுத்தினாள்.

“என்ன சொல்றீங்க?”

விசில் ஆய்வாளரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வேண்டுகோள் இருந்தது. கண்ணெதிரே ஒருத்தி போய்விட்டு வந்திருக்கிறாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

ஆய்வாளருக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. தன் சைக்கிள் வழுக்கியதற்குத் தன் கவனக்குறைவே காரணமாக இருக்கலாம். அப்படி எழுதிவிட்டால் தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரவுச் சாப்பாட்டின்போது கணவன் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

“நீங்க மெதுவா வந்தீங்க அண்ணி. உங்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். நாளைக்கு வர்றவங்க பாலத்து உச்சியிலேருந்து பிரேக்க விட்டுட்டு வருவாங்க.”

“அவ்வளவுதானே? உச்சியிலேருந்து வர்றேன். பிரேக்கத் தொடமாட்டேன். வந்து சேந்தா கையெழுத்து. சரியா?”

“அக்கா, எதுக்கு இந்தப் பந்தயம்…” என்றார் விசில்.

“தம்பி, நீங்க ஊதறதுக்கு இருக்கீங்க. ஊதுங்க.”

அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். ஆய்வாளர் வளைவில் நின்றாள். மூடுபனி கலைந்து தொட்டியின் எதிர்ச்சுவர் தெரியத் தொடங்கியிருந்தது. பாசி படிந்த, பிடிமானம் இல்லாத சுவர். உச்சியில் நாத்தனார் சைக்கிளைத் திருப்பினாள். சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

“விடவா?”

விடுங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். இதைவிட நேரான பரிசோதனை எந்த விதிமுறையிலும் இல்லை. ஆய்வாளர் வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

“என்னடி, காது கேக்கலையா? விடவான்னேன்!”

மேலே, ஊன்றிய கால் தரையைவிட்டு எழும்புவது தெரிந்தது. ஆய்வாளர் ஓடினாள். சரிவின் நடுப்பாதையில், கைகளை விரித்தபடி, மூச்சு இரைக்க ஏறி ஓடினாள். சைக்கிள் உருளத் தொடங்கியிருந்தது. கிறீச்சென்ற ஒலியோடு நின்றபோது முன்சக்கரம் அவள் முழங்காலில் இடித்தது. கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“பைத்தியமா உனக்கு? நடுவுல வந்து நிக்கற!”

“இறங்குங்க அண்ணி.”

“எனக்கே பயம் இல்ல. உனக்கென்ன?”

“எனக்கு இருக்கு. உங்கள விட முடியல என்னால.” மூச்சு வாங்கினாள். “உங்கள விட முடியாத இடத்துல வேற யார எந்தக் கையால விடுவேன்? அவங்களும் யாரோ ஒருத்தருக்கு அண்ணிதானே?”

நாத்தனார் இறங்கவில்லை. கீழே பார்த்தாள். கடையிலிருந்து பார்த்தால் வளைவு தெரியும். வளைவுக்கு அப்பால் நல்ல பாதை தெரியும். இங்கிருந்து பார்த்தால் சரிவின் முடிவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு தெரிந்தது. அதற்கு நேர்பின்னால் கறுப்பாகத் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. கடையின் கூரைகூட மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

“நான் எப்பவும் கடைப் பக்கமிருந்துதான் வருவேன்,” என்றாள் கடைசியில், யாரிடம் என்றில்லாமல்.

இறங்கினாள். இருவரும் சைக்கிளின் இருபுறமும் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். விசில் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

ஆய்வாளர் பையிலிருந்து தாளை எடுத்தாள். வாடகைச் சைக்கிளின் இருக்கைமேல் வைத்து எழுதினாள்: பாலத்திலிருந்து கல்தொட்டி வளைவுவரை பாதை மூடப்படுகிறது, பயணம் மேல்பாதை வழியாகச் செல்ல வேண்டும், தூளிட்டு இறுக்கி மறு ஆய்வு செய்தபின்னரே இப்பகுதி திறக்கப்படும். எழுதியதை ஒருமுறை படித்தாள். “செல்ல வேண்டும்” என்பதை அடித்து, “மட்டுமே செல்ல வேண்டும்” என்று திருத்தினாள். கையெழுத்திடப் போனபோது சைக்கிள் ஆடியது.

நாத்தனார் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“கையெழுத்தாவது நேராப் போடு. அதுவும் வழுக்கிடப் போகுது.”

ஆய்வாளர் கையெழுத்திட்டாள்.

“தம்பிகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் சொல்லவேணாம்,” என்றாள் நாத்தனார். “ஒரு வாரம் என் கண்ணுல படாதே. அப்புறம் பாக்கலாம்.”

“சரி அண்ணி.”

விசில் முதுகுப்பையை இறக்கிவைத்துவிட்டுக் கையை நீட்டினார். அவள் தாளை அவரிடம் கொடுத்தாள்.