தைலம்மாள் மாற்றி எழுதிய பத்திரம்

பதினோரு வருடங்களுக்கு முன்பு, கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தைலம்மாள் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். யாங்கோனில் லத்தா பகுதியில் இருக்கும் பருப்பு மொத்தக் கடையும் அதற்கு மேலே உள்ள மூன்று மாடிகளும் அழகப்பனுடையவை, மனைவிக்கு அவற்றில் எந்த உரிமையும் கிடையாது. அப்படி எழுத வைத்தது அழகப்பனின் அக்கா நாச்சாள். செட்டியார் வீட்டுச் சொத்து ரயில்வே கூலிக்காரரின் பேத்திக்குப் போய்விடக் கூடாது என்ற பயம் அவளுக்கு. தைலம்மாள் அப்போது சம்பளத்துக்கு வேலை பார்த்த இஞ்சினியர். முழுவதையும் நிதானமாகப் படித்துவிட்டு, "சரி கோ" என்று, பர்மியப் பெண்கள் கணவனை அழைப்பது போலவே அழைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அழகப்பனால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று அவள் சொந்தமாக ஏழு அடுக்குமாடிக் கட்டடங்கள் கட்டியவள். வேலையாட்கள் அவளை பர்மிய மரியாதையோடு 'டோ தைலா' என்பார்கள். நகரின் வடக்கே மிங்கலாடோனில் அவர்கள் குடியிருக்கும் வீடும் பக்கத்து மனையும் அவள் வாங்கியவை.

மண்டலே நிலநடுக்கத்துக்குப் பிறகு யாங்கோனிலும் ஜனங்கள் தங்கள் வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். தைலம்மாளுக்குத் தெரிந்த ஒரு பில்டர் மேல் வழக்கு விழுந்து, அவர் குடியிருந்த வீடே கைவிட்டுப் போனது. அதைக் கேள்விப்பட்ட அன்று சாப்பிடும்போது அவள் பேச்செடுத்தாள்.

"கோ, நம்ம பத்திரத்தை மாத்தி எழுதலாமா? இந்த வீட்டை உங்க பேருக்கு வச்சுடறேன். என் மேல கேஸ் வந்தாலும் வீடு தப்பிக்கும்."

அழகப்பன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "என் கடைப் பக்கம் வரக் கூடாதுன்னு உன்கிட்ட எழுதி வாங்கினோம். நீ வீட்டையே என்கிட்ட குடுக்கறே. நாளைக்கு நான் உன்னை வெளியே போன்னு சொன்னா?"

"சொல்லித்தான் பாருங்களேன்" என்று அவள் சிரித்தாள்.

வக்கீல் சைதா இருவரையும் உட்காரவைத்து முதலில் ஒரு கேள்வி கேட்டாள். "ஏற்கனவே யாராவது புகார் சொல்லியிருக்காங்களா? மறைக்காதீங்க. சொல்லியிருந்தா, அவங்களை ஏமாத்தத்தான் சொத்தை மாத்தினீங்கன்னு கோர்ட் சொல்லும்."

தைலம்மாள் கணவனைப் பார்க்காமல் சொன்னாள். "திங்கன்ஜூன்ல நான் கட்டின கட்டடத்துல, நாலாம் மாடியில ஒரு டீச்சர், பல்கீஸ்னு பேரு. போன மாசம் போட்டோ எடுத்துட்டு வந்தாங்க. மாடிப்படித் தூண்ல வெடிப்பு. வெறும் பூச்சுதான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"போய்ப் பாத்தியா?" என்று அழகப்பன் கேட்டான்.

"இல்ல. தூணாவே இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு கோ."

சைதா ஃபைலை மூடிவிட்டாள். "முதல்ல அதை முடிச்சிட்டு வாங்க."

அன்று மத்தியானமே இருவரும் போனார்கள். தைலம்மாள் தன் கையாலேயே உளி பிடித்துப் பூச்சை உடைத்தாள். வெடிப்பு உள்ளே தூணிலும் ஓடியிருந்தது.

"டீச்சர், நான் சொன்னது தப்பு. கட்டடம் விழாது. ஆனா தூணைக் கட்டாயம் பலப்படுத்தணும். என் பொறுப்பு, என் செலவு."

"இதைப் போன மாசமே வந்து பாத்திருந்தா, ஒரு மாசம் நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்" என்றாள் பல்கீஸ்.

வேலை முடியும்வரை படிக்கட்டை ஒட்டிய இரண்டு குடும்பங்கள் வெளியே இருக்க வேண்டியிருந்தது. அழகப்பன் யாரிடமும் கேட்காமல் லத்தா கடையின் மூன்றாம் மாடியைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, அவர்களை அங்கே குடியேற்றினான். ஏழு வாரம் இருந்தார்கள். நாச்சாள் போனில் கூச்சல் போட்டபோது, "என் பேர்ல இருக்கிற மாடிதானே அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். கிளம்பும் நாளில் பல்கீஸ் ஒரு பெரிய பாத்திரம் நிறைய பிரியாணி கொடுத்தாள். தூண் சரியாகிவிட்டதாகக் கட்டடத்தில் எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகுதான் மறுபடி சைதாவிடம் போனார்கள். வீடு அழகப்பன் பேருக்கு. பக்கத்து மனை மட்டும் தன் பேரிலேயே இருக்கட்டும் என்றாள் தைலம்மாள். "என் கட்டடத்துல இருக்கிறவங்க நாளைக்கு ஏதாவது கேட்டு வந்தா, வெறுங்கையோட நிக்கக் கூடாது."

"அப்ப லத்தாவுல பாதியை இவ பேருக்கு எழுதுங்க" என்றான் அழகப்பன்.

சைதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கேஸுக்குத் தப்பிக்கிறதுக்காகத்தானே வந்தீங்க? இவங்க பேருக்கு எழுதினா அதுவும் மாட்டும்."

கடைசியில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 'எந்த உரிமையும் கிடையாது' என்ற வரி போனது. அழகப்பனுக்குப் பின் லத்தா சொத்து முழுவதும் தைலம்மாளுக்கு. மிங்கலாடோன் வீட்டில் அவளுக்கு ஆயுள் முழுக்க இருக்கும் உரிமை. இந்தத் தடவை முதலில் கையெழுத்துப் போட்டவன் அழகப்பன்.

வெளியே மழை விட்டிருந்தது. எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார்கள். தைலம்மாளுக்கு வெகுநாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

"வீடு இப்ப என்னுது. வாடகை எவ்வளவு தருவே?" என்று கேட்டான் அவன்.

"வீட்டுக்காரர் நீங்கதானே? சமையலறைக் குழாய் ஒழுகுது. நாளைக்கே ஆளைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னொரு சமூசா கேட்டாள்.