நடைபாதையை ஒட்டி நிறுத்தவும்

மனைவியின் குரல் ஓட்டுநருக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிடித்துத்தான் கட்டிக்கொண்டார். ஆனால் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, பேருந்தில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் சாயங்காலம் வரை அந்தக் குரலுக்கு விடுமுறை என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டில் சட்டமன்றம் வந்து மண்ணை அள்ளிப் போடும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான பொதுச் சேவைச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதில் பேருந்துக்கென்று ஒரு பிரிவு. ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் கடைசி இருக்கைவரை கேட்கும்படி ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். வண்டியை நடைபாதையை ஒட்டியே நிறுத்த வேண்டும். பணிமனை மேலாளர் உத்தரவைப் படித்ததும், குரலுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசிக்கவே இல்லை. விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாள் “வண்டி போயிடுச்சு” என்று சொன்னால் போன வண்டியே திரும்பிப் பார்க்கும். அந்த அம்மாள்தான் ஓட்டுநரின் மனைவி.

மேலாளர் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க விறுவிறுக்க ஒரே மத்தியானத்தில் பதிவை முடித்தார்கள். நிறுத்தங்களின் பெயரோடு நிறுத்தியிருக்கலாம். அவள்தான், சட்டத்தில் இருப்பதை விடுவானேன் என்று, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு வரியைச் சேர்த்தாள். “ஓட்டுநர் வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்தவும்.”

மறுநாளிலிருந்து ஓட்டுநரின் தலைக்கு மேலேயே ஒரு பெட்டி. நூலகம், ஓட்டுநர் ஒட்டி நிறுத்தவும். பல் ஆஸ்பத்திரி, ஓட்டுநர் ஒட்டி நிறுத்தவும். உள்ளதைச் சொல்ல வேண்டும்; அவருக்கு ஒட்டி நிறுத்தும் வழக்கம் கிடையாது. ஒட்டினால் டயர் உரசும் என்று ஒரு பயம். பயணிகள் சாக்கடைக்கும் படிக்கும் நடுவே ஒரு தாவல் தாவித்தான் ஏற வேண்டும். குரல் யாருடையது என்பதை நடத்துநர் முதல் நாளே வண்டி முழுக்கப் பரப்பிவிட்டதால், பெட்டி பேசியதும் எல்லோரும் முதலில் ஓட்டுநரைத்தான் பார்த்தார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது, குழாய் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னேனே என்றாள் மனைவி.

“பஸ்ல சொன்னியா, வீட்ல சொன்னியா? எனக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு. நாள் பூரா கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.”

அவ்வளவுதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடியவள் மூடியவள்தான். தட்டு மட்டும் டொக்கென்று வந்து விழுந்தது. வீட்டில் மயான அமைதி, வண்டியிலோ ஓயாத பேச்சு. இரண்டுக்கும் நடுவே மனுஷர் கலங்கிப்போனார். ஒரு கட்டத்தில் “நிறுத்துறேன்மா, நிறுத்துறேன்” என்று பெட்டிக்குப் பதில் சொல்லவே ஆரம்பித்துவிட்டார். முன் இருக்கையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அதோடு பொறுமை போயிற்று. அடுத்த நடையில், வண்டி துடைக்கும் துணியைச் சுருட்டிப் பெட்டியின் வாயில் திணித்துவிட்டார்.

ஆகா, என்ன சுகம். அன்று அவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் ஒருவர் மட்டும் மடியில் பையோடும் கையில் வெள்ளைக் கோலோடும் உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிக் கடைக்காரர்களுக்கு வரிக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் அவர். பிறவியிலேயே பார்வையில்லை. பல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இறங்க வேண்டியவர்.

“டிரைவர் சார், இது எந்த ஸ்டாப்?”

கடைசி ஸ்டாப் என்றும், மெஷின் ரிப்பேர் என்றும் ஓட்டுநர் மென்று விழுங்கினார்.

“ரிப்பேரான மெஷின் கம்முன்னு இருக்கும் சார். இது வாய்ல துணிய வெச்ச மாதிரி முனகுது.”

நடத்துநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஆடிட்டர் கோபப்படவில்லை. எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று புகாரை அங்கேயே வாய்ப்பாடமாகச் சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கிய கால் நேராகச் சாக்கடை ஓரத்துச் சேற்றில் போய் நின்றது. “இது தனிப் பிரிவு” என்றார்.

மறுநாள் விசாரணை. ஆடிட்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். மேலாளர் அறைக்கும் மனைவியின் ஜன்னலுக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். ஓட்டுநர் காதோடு காதாக ஏதோ சொல்லிப் பார்த்தார். மேலாளருக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார்.

“என் வீட்டுக்காரம்மா குரல் சார் அது. அதான் துணிய வெச்சேன்.”

தடுப்புக்கு அப்பால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேலாளரும் கல்யாணமானவர்தான். அவர் மேசைமேல் இருந்த பேனாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி உள்ளே வந்து நின்றாள். இத்தனை நாளுக்கப்புறம் அவள் ஓட்டுநரோடு பேசிய முதல் வார்த்தை இதுதான்:

“எந்தத் துணி? அந்த எண்ணெய்த் துணியா?”

ஆடிட்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தனக்கு அபராதமெல்லாம் வேண்டாம் என்றார். கருவி கெட்டால், கெடுத்தாலும் கெட்டதுதான், சரியாகும்வரை ஓட்டுநரே வாயால் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் வழியிருக்கிறது; அது போதும் என்றார். எண்ணெய் இறங்கிய பெட்டி பழுதுபார்க்கப் போனது.

அன்று சாயங்காலமே வீட்டில் பயிற்சி. ஓட்டுநர் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “பல் ஆஸ்பத்திரி” என்றார். அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

“கடைசி சீட்டுக்குக் கேக்கல.”

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, யாருக்குப் பல்வலி என்று விசாரித்தார். அடுப்படியில் அவள் சிரித்தது இவருக்குக் கேட்டது. இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மளமளவென்று எழுந்துபோய், கேட்காமலே குழாய்க்கு வாஷர் மாற்றினார்.

வண்டியில்தான் கஷ்டம். “ஓட்டுநர் வண்டியை நடைபாதையை ஒட்டி நிறுத்தவும்” என்று தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொள்ள வேண்டும். சொன்ன வாய்க்கு மரியாதையாக ஒட்டியும் நிறுத்த வேண்டியிருந்தது. டயர் ஒன்றும் உரசவில்லை. நாளாக ஆக அவருக்கு வாய் திறந்துகொண்டது. மரக்கடை வந்தால், பலகை இறக்குகிறார்கள், இடது பக்கமாகப் போங்கள் என்பார். மழை பெய்திருந்தால் எந்தப் பக்கம் குட்டை என்பார். பையைத் தூக்கிக்கொண்டு ஏறும் முழங்கால்வலிக்காரர்களிடம், அவசரமில்லை, நான் எங்கேயும் ஓடிப்போகவில்லை என்பார்.

பெட்டி பழுது தீர்ந்து வந்த அன்றே ஆடிட்டரிடமிருந்து இன்னொரு புகார். பெட்டிக்குக் குட்டை தெரியவில்லையாம்.

மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு விசாரணை அம்மாளைக் கூப்பிட்டார். மறுபடி மின்விசிறியை நிறுத்தினார்கள். அவள் கொஞ்சம் யோசித்து, நிறுத்தத்தின் பெயரை வைத்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்த பழைய வரியை எடுத்துவிட்டு, வேறொன்றைப் பேசினாள். வீட்டுக்கு வந்து அதைப்பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை ஓட்டுநர் பல் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் வண்டியை மெதுவாக ஓரங்கட்டினார். தலைக்கு மேலே பெட்டி கணீரென்று பேசியது. “பல் ஆஸ்பத்திரி. மற்றதை ஓட்டுநர் சொல்வார்.”

வண்டி முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது. படியருகே கோலோடு நின்ற ஆடிட்டர் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். கட்டிய நாளிலிருந்து அவள் தனக்கு இப்படி இடம் விட்டது இதுதான் முதல் தடவை என்று ஓட்டுநருக்குத் தோன்றியது. அந்தத் திகைப்பில் குட்டை, பலகை எல்லாம் மறந்துபோயிற்று.

“சொல்லுங்க சார்” என்றார் ஆடிட்டர்.

“இறங்கலாம் சார்” என்றார் ஓட்டுநர். “தரை நல்லாத்தான் இருக்கு.”